தைவான் தீவின் சரித்திரம் – 17: கல் சுமந்தவரும் காமிரா சுமந்தவர்களும்

சென்ற அத்தியாயத்தில், 1949 மே 20 அன்று தைவான் தீவின்மீது இறங்கிய இராணுவச் சட்டம், 1987 ஜூலை 15 வரையில், முப்பத்தெட்டு ஆண்டுக்காலம் அங்கேயே நிலைகொண்டிருந்த வரலாற்றைப் பார்த்தோம். ஆட்சியாளர் மாறிய தேதிகளும் அவசரச் சட்டங்களின் வாசகங்களும் அதற்குச் சான்றாக நமக்குக் கிடைக்கின்றன; ஆனால் அந்த ஆண்டுகளில் அத்தீவின் ஜனங்கள் எப்படி நடந்தார்கள், எப்படிப் பேசினார்கள், சோற்றுக் கிண்ணத்தை எப்படிப் பிடித்தார்கள், அழுகையை எப்படி அடக்கினார்கள் என்பதை எந்த அரசாங்க ஏட்டிலும் காண முடியாது. அதைக் காண விரும்புகிறவர் அத்தீவின் ஆவணப்படங்களைத்தான் நாட வேண்டும். தைவானில் ஆவணப்படத்தின் சரித்திரம் என்பது, காமிரா யார் கையில் இருந்தது, பிறகு அது யார் கைக்கு, எத்தனை சிரமத்துக்குப் பின் மாறியது என்பதன் சரித்திரமே என்பது என் அபிப்பிராயம். ஆகவே இந்த ஓர் அத்தியாயத்தை மந்திரிகளுக்கும் தளபதிகளுக்கும் தராமல், காமிராவைச் சுமந்தவர்களுக்கும் அதன் முன் நின்றவர்களுக்கும் ஒதுக்குகிறேன்.

முதலில் அது ஆள்பவன் கையில் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியின் பன்னிரண்டாம் ஆண்டாகிய 1907இல், தகமட்சு டொயோஜிரோ என்பவர் கவர்னர் ஜெனரலின் அரசாங்கத்துக்காகத் தீவைச் சுற்றிவந்து எடுத்த படம், தாங்கள் பிடித்த நாடு எத்தகையது, அதில் தங்கள் அரசு எவ்வளவு சாதித்திருக்கிறது என்று ஜப்பானிய மக்களுக்குக் காட்டுவதற்கென்றே எடுக்கப்பட்டது. 1940ஐ ஒட்டி, யுத்தப் பிரசாரத்துக்காக எடுக்கப்பட்ட 'தெற்கே முன்னேறும் தைவான்' என்ற படமும் அத்தகையதே. பல்லாண்டு மறைந்து கிடந்த அதன் சுருள்கள் 2003இல்தான் கண்டெடுக்கப்பட்டன. ஜப்பானியர் போய்த் தேசியவாதக் கட்சி வந்த பிறகும், காமிராவுக்கு எஜமானர்கள் மாறினார்களேயன்றி விடுதலை கிடைக்கவில்லை. மாகாண அரசாங்கத்துக்கு ஒரு படக்கூடம், கட்சிக்கு ஒரு படக்கூடம், இராணுவத்துக்கு ஒரு படக்கூடம். திரையரங்கில் எழுந்து நின்று தேசிய கீதம் கேட்ட ஜனங்கள், உட்கார்ந்ததும் அணைக்கட்டுத் திறப்பு விழாவையும் அணிவகுப்பையும் பார்த்தார்கள். அப்படங்களில் மனிதர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டமாக, கைதட்டுகிறவர்களாக, பெயரற்றவர்களாக இருந்தார்கள்.

பெயருள்ள முதல் மனிதர் 1967இல் வந்தார். அவர் பெயரே படத்தின் பெயர்: 'லியு பி-சியா'. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற சென் யாவ்-சி என்ற இளைஞர், தமது படிப்பின் நிறைவுப் படமாக இதை எடுத்தார். ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடுகிற, கறுப்பு வெள்ளைப் படம். சீனப் பெருநிலத்தில் பிறந்து, படைவீரராகத் தீவுக்கு வந்து, படையிலிருந்து விலக்கப்பட்டு, கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியெனில் ஆற்றோரத்துத் தரிசைத் திருத்தும் வேலையில் அமர்த்தப்பட்ட ஒருவரே இதன் நாயகர். அவர் செய்கிற வேலை, கல் சுமப்பது. ஆற்றுப் படுகையிலிருந்து கல்லை எடுக்கிறார், சுமந்து போகிறார், போட்டுவிட்டுத் திரும்புகிறார், மறுபடியும் எடுக்கிறார். உண்கிறார், இளைப்பாறுகிறார், கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறார்.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைய வாசகர் கேட்கக்கூடும். லியு பி-சியாவைப் போன்ற முன்னாள் படைவீரர்கள் அன்றைய தைவானில் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதையும், தாய்நாடு திரும்பும் நாள் நெருங்கிவிட்டது என்று ஆண்டுதோறும் அவர்களுக்குச் சொல்லப்பட்டுவந்தது என்பதையும், அவர்களில் பலருக்கு நெடுங்காலம் மணம் புரிந்துகொள்ளவே அனுமதி மறுக்கப்பட்டிருந்தது என்பதையும், 1956 முதல் 1960 வரையில் மலையைக் குடைந்து தீவின் குறுக்கே நெடுஞ்சாலை போட்டபோது அவர்களில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இப்படத்தைப் பார்க்க வேண்டும். அரசாங்கச் செய்திப்படத்தில் அவர்கள் 'மதிப்புக்குரிய குடிமக்கள்'. சென் யாவ்-சியின் படத்திலோ, ஊருக்குத் திரும்ப வழியில்லாமல், அந்நிய மண்ணில் நாளெல்லாம் கல் சுமக்கிற ஒரு மனிதர். வீர வசனம் ஒன்றுகூட இல்லை, புலம்பலும் இல்லை. ஒரு மனிதரின் முதுகை இத்தனை நேரம், இத்தனை மரியாதையோடு பார்த்த காமிரா அதற்கு முன் அத்தீவில் இருந்ததில்லை. இப்படத்தைப் பற்றி எழுதிய எழுத்தாளர் சென் யிங்-சென் மறு ஆண்டே, தம் வாசகர் வட்டத்துக்காக, கைதுசெய்யப்பட்டு ஏழாண்டு சிறையில் கழித்தார். சென் யாவ்-சி பிற்காலத்தில் வணிகப் படங்களின் பக்கம் போய்விட்டார். காலம் அப்படிப்பட்டது.

இடையில் வந்த ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் ஒன்றை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். புகைப்படக் கலைஞர் சாங் சாவ்-தாங், 1979இல், தைனான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தெய்வத்தின் மரக்கலத்தைத் தீயிட்டு வழியனுப்புகிற திருவிழாவைப் படமாக்கினார். அந்தப் 'படகு எரிக்கும் திருவிழா'வில் விளக்கவுரை கிடையாது. 'பாருங்கள், நமது பண்பாடு எவ்வளவு சிறந்தது' என்று ஒரு கணீர்க் குரல் உபதேசிக்கவில்லை. ஜனங்களின் முகங்களும் நெருப்பும் மேனாட்டு இசையும் மட்டுமே. குரல் ஒழிந்தது ஒரு பெரிய விடுதலை.

ஆனால் காமிராவை ஆள்பவன் கையிலிருந்து பறித்தவர்கள் கலைஞர்கள் அல்லர், வீதியில் ஓடியவர்கள். 1986 அக்டோபரில், வாங் சி-சாங் என்பவரும் அவருடைய நண்பர்களும் 'பச்சைக் குழு' என்ற சிறு கூட்டத்தை அமைத்தார்கள். அப்போது தைவானில் இருந்த தொலைக்காட்சி நிலையங்கள் மூன்றே. மூன்றும் முறையே மாகாண அரசாங்கம், கட்சி, இராணுவம் என்ற மூவரின் பிடியில் இருந்தன. பச்சைக் குழுவினர் கையில் இருந்ததோ, குடும்ப விசேஷங்களைப் பதிவுசெய்ய வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த சாதாரண வீடியோ காமிரா. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று, நாடு கடந்து வாழ்ந்துவந்த எதிர்க்கட்சித் தலைவர் சூ சின்-லியாங் ஊர் திரும்ப முயல்வதை அறிந்து, அவரை வரவேற்கத் தாவோயுவான் விமான நிலையத்தை நோக்கி ஜனங்கள் திரண்டு போனார்கள். படைகள் வழிமறித்தன, தண்ணீர் பீய்ச்சின, கண்ணீர்ப்புகை விட்டன. அன்றிரவு மூன்று நிலையங்களும், கூட்டத்தார் கல்லெறிந்ததையும் காவலர்கள் அடிபட்டதையும் காட்டின. பச்சைக் குழுவின் ஒளிநாடாவிலோ, வேறொரு காட்சி இருந்தது: கல் எதிர்ப்பக்கத்திலிருந்தும் பறந்து வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பலிக்காமல் போயிற்று. அந்த நாடாவைப் பிரதியெடுத்து, பிரதியைப் பிரதியெடுத்துத் தேர்தல் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். வீதியோரக் கடைகளில் விற்றார்கள். ஒரே வாரத்தில், டிசம்பர் 6 அன்று, தேர்தல். இரண்டு மாதத்துக்கு முன்புதான் சட்டத்தை மீறிப் பிறந்திருந்த எதிர்க்கட்சிக்கு அந்த நாடாக்கள் எவ்வளவு உதவின என்று கணக்குப் பார்ப்பது கடினம். ஆனால் தொலைக்காட்சி பொய் சொல்லும் என்பதைத் தீவு ஜனங்கள் தங்கள் கண்ணாலேயே கண்டுகொண்ட வாரம் அது என்பதில் சந்தேகமில்லை.

1988 மே 20இலும் அதே கதை நடந்தது. வெளிநாட்டு விளைபொருள்கள் வந்து குவிவதை எதிர்த்து, யுன்லின் மாவட்டத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் குடியானவர்கள் தாய்ப்பேய் நகரத்துக்கு ஊர்வலமாக வந்தபோது கலகம் மூண்டது. பகலில் தொடங்கிய மோதல் இரவெல்லாம் நீடித்தது. காய்கறி ஏற்றிவந்த வண்டியில், காய்களுக்கு அடியில் கற்களை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். பச்சைக் குழுவின் படம் அந்தக் குற்றச்சாட்டைக் காட்சி காட்சியாக எடுத்துச் சோதித்து, அது நிற்காது என்று காட்டியது. கலை நயம் தேடுவோர்க்கு இந்தப் படங்கள் ஏமாற்றம் தரும். காமிரா ஆடுகிறது, ஓடுகிறது, எவருடைய முதுகோ குறுக்கே வந்து மறைக்கிறது, ஒலி சிதறுகிறது. ஆனால் காமிரா ஏந்தியவரும் தடியடிக்கு ஆளாகும் தூரத்தில் நிற்கிறார் என்பதை அந்த ஆட்டம் ஒவ்வொரு கணமும் நமக்கு உணர்த்துகிறது. 1990இல் குழு கலைந்தது. அவர்கள் விட்டுச்சென்ற, ஏறக்குறைய மூவாயிரம் மணி நேரப் பதிவுகள் தைனான் கலைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுவருகின்றன.

காமிரா ஆள்பவனிடமிருந்து எதிர்ப்பவனிடம் வந்துவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வியை எழுப்பியவர் மானிடவியல் அறிஞர் ஹு தாய்-லி (1950-2022). தீவின் பழங்குடியினராகிய பைவான், சைசியாத் மக்களின் சடங்குகளை 1980களில் படமாக்கிய அந்த அம்மையார், 1993இல் 'ஆர்க்கிட் தீவின் குரல்கள்' என்ற படத்தைத் தந்தார். தைவானுக்குத் தென்கிழக்கே கடலில் கிடக்கும் அச்சிறு தீவில் வாழ்கிற தாவ் மக்களின் மண்ணில்தான், 1982 முதல், அணுமின் நிலையங்களின் கழிவு பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து வைக்கப்பட்டது. மீன் பதனிடும் ஆலை கட்டுகிறோம் என்று சொல்லி ஏமாற்றினார்கள் என்று அம்மக்கள் இன்றளவும் குமுறுகிறார்கள். கோவணம் கட்டிய முதியவரை நிறுத்திவைத்துப் புகைப்படம் பிடிக்கிற உல்லாசப் பிரயாணிகளையும் அப்படம் காட்டுகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக, படத்தின் தொடக்கத்திலேயே, அத்தீவைச் சேர்ந்தவர்களோடு அம்மையார் உட்கார்ந்து, 'எங்களை ஆராய வருகிறவர்களால் எங்களுக்கு என்ன பயன்?' என்ற அவர்களுடைய கேள்விக்குத் தம்மையே உட்படுத்திக்கொள்கிறார். தம் மீது வந்த குற்றச்சாட்டைத் தம் படத்தின் முகப்பிலேயே பொறித்துவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? இந்த நேர்மைக்காகவே இப்படத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதே காலத்தில் வூ யி-ஃபெங் என்பவர் 1988இல் நிறுவிய 'முழுக்காட்சி' என்ற ஸ்தாபனம், 1995 முதல் ஊர் ஊராகச் சாதாரண மக்களுக்குக் காமிரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. 1996இல் தைனானில் ஆவணப்படத்துக்கென்றே பட்டமேற்படிப்புத் துறை. 1998இல் பொதுத் தொலைக்காட்சி. அதே ஆண்டில் சர்வதேச ஆவணப்பட விழா. வயல் உழுதாகிவிட்டது, விதைத்தாகிவிட்டது. அதற்குள் பூமி பிளந்தது.

1999 செப்டம்பர் 21, நள்ளிரவு கடந்து 1 மணி 47 நிமிடம். நடுத் தைவானைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் இரண்டாயிரத்து நானூறு பேருக்கு மேல் மடிந்தார்கள். வூ யி-ஃபெங்கும் அவருடைய தோழர்களும் காமிராக்களோடு நான்டோ மாவட்டத்துக்குச் சென்று, ஓரிரு வாரத்தில் திரும்பி வராமல், ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வாசத்தில் விளைந்த பல படங்களில் ஒன்று, 2004இல் திரையரங்குகளுக்கு வந்த 'உயிர்'. ஒரு மலைச்சரிவு அப்படியே நழுவி வீடுகளை விழுங்கிவிட்ட கிராமத்தில், மாண்டவர்களின் உறவினர் சிலர், மண்ணைத் தோண்டும் இயந்திரத்தின் அருகே நாள் முழுவதும் நிற்கிறார்கள். இயந்திரத்தின் வாய் ஒவ்வொரு முறை திறந்து மண்ணைக் கொட்டும்போதும் எல்லாருடைய கண்களும் அங்கே போகின்றன. ஒரு துணி தெரிகிறதா, ஒரு பாத்திரம் தெரிகிறதா என்று பார்க்கின்றன. பிறகு, ஒன்றுமில்லை என்று கண்டு, அடுத்த வாய் மண்ணுக்காகக் காத்திருக்கின்றன. பிழைப்புக்காக ஜப்பானில் வேலைக்குப் போயிருந்த ஓர் இளந்தம்பதியின் இரண்டு பெண்குழந்தைகள் அந்த மண்ணுக்குள் இருக்கிறார்கள். அவர்களைப் பின்தொடரும் இயக்குநர், முதியோர் விடுதியில் நோயுற்றுக் கிடக்கிற தம் சொந்தத் தந்தையோடு தமக்குள்ள மனத்தாங்கலையும் ஒளிக்காமல் படத்தில் வைக்கிறார். ஆவணப்படத்துக்குக் காசு கொடுத்து யார் வருவார்கள் என்று எல்லாரும் எண்ணியிருந்த நாட்டில், இப்படம் ஒரு கோடித் தைவான் டாலருக்கு மேல் வசூலித்தது. இழப்பின் கதையைக் கேட்க ஒரு சமூகமே வரிசையில் நின்றது.

அதற்கு அடுத்த ஆண்டு அரங்கேறிய 'அரிசியில்லா ஆனந்தம்' என்ற படத்தை, இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்கள் எதை விட்டாலும் விடலாகாது. யென் லான்-சுவான் அம்மையாரும் சுவாங் யி-செங் என்பவரும் தைனானுக்கு வடக்கேயுள்ள ஹௌபி என்ற நெல் விளையும் ஊரில் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கி, அறுபதும் எழுபதும் கடந்த சில குடியானவர்களைப் படமாக்கினார்கள். 2002 ஜனவரி முதல் நாளன்று தைவான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்துவிட்டது. வெளியூர் அரிசி வருகிறது. நிலத்தைத் தரிசாகப் போட்டால் அரசாங்கமே பணம் தருகிறது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் இக்கிழவர்கள் விடியுமுன் எழுகிறார்கள், ஊதுவத்தி ஏற்றித் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், சேற்றில் இறங்குகிறார்கள். ஒருவர் இன்னமும் எருமை பூட்டி உழுகிறார். மற்றொருவர் உழவில்லாத நாளில் பஞ்சு அடித்து மெத்தை போர்வை தைக்கிறார்.

இன்னொருவர், இரவில் தனியாக வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பற்றிப் பேசுகையில், அதுவும் ஒருவகைத் தியானம் என்கிறார். சொல்லிவிட்டு, பெரிய தத்துவம் சொல்லிவிட்டோமே என்ற கூச்சமின்றி, குனிந்து களை பறிக்கிறார். புயலில் கதிர் சாய்ந்து, உழைப்பெல்லாம் நீரோடு போனபின், அழுது ஆவதென்ன என்று பாடிக்கொண்டு திரும்புகிற மனப்பான்மைக்குத்தான் அவ்வூர்ப் பேச்சில் 'அரிசியில்லா ஆனந்தம்' என்று பெயர். உழவரைத் தெய்வமாக்காமலும் பரிதாபப் பொருளாக்காமலும் ஒரு படம் எடுப்பது எவ்வளவு அரிது என்பது, நெல் விளையும் எந்த நாட்டில் பிறந்தவருக்கும் தெரியும். தாய்ப்பேய் வீதியில் 1988இல் அடிபட்ட குடியானவர்கள் எந்த வாழ்வைக் காக்க வந்தார்கள் என்பதை அறிய விரும்புகிறவர், பச்சைக் குழுவின் படத்துக்குப் பின் இதைப் பார்ப்பாராக.

பின்னர் வந்தவை பல. நெடுஞ்சாலைத் துறையில் அரசாங்க உத்தியோகத்தை ஓய்வூதியத்துக்கு மூன்றாண்டு இருக்கும்போதே உதறிவிட்டு, ஹெலிகாப்டரில் பறந்து தீவின் அழகையும் அதற்கு நேர்ந்த காயங்களையும் படமெடுத்த சி போ-லின், 2013இல் 'தைவானைக் காண்கிறோம்' என்ற படத்தால் ஆவணப்பட வசூலில் அதுவரை காணாத உயரத்தை எட்டினார். 2017 ஜூன் 10 அன்று, அதன் இரண்டாம் பாகத்துக்காகப் பறந்தபோது விபத்தில் மாண்டார். மாணவர்கள் 2014இல் சட்டமன்றத்துக்குள் புகுந்து அமர்ந்த நாட்களைப் பற்றி ஃபூ யுவே அம்மையார் எடுத்த படமும் உண்டு. இவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று.

நான் நின்று பார்க்க விரும்புவது ஒரு சாப்பாட்டு மேஜை. ஹுவாங் ஹுய்-சென் என்ற பெண், சிறுவயது முதலே தன் தாயோடு சேர்ந்து, இறந்தவரின் ஆவியை மறுவுலகுக்கு வழியனுப்பும் பாடற்குழுவில் பாடிப் பிழைத்தவள். தாய் பெண்களையே விரும்புகிறவள். ஊர் வழக்கப்படி கட்டிவைக்கப்பட்டு, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து இரண்டு பெண்குழந்தைகளோடு ஓடிவந்தவள். ஒரே வீட்டில் வாழ்ந்தும், சோறு வைத்திருக்கிறேன் என்பதற்கு மேல் தாயும் மகளும் பேசிக்கொண்டதில்லை. 2016இல் வெளிவந்த 'அன்றாட உரையாடல்' என்ற படத்தில், மகள் மேஜையின் ஒரு பக்கம் உட்காருகிறாள்; தாய் மறுபக்கம். தந்தையால் தனக்குச் சிறுவயதில் நேர்ந்ததை மகள் வாய்விட்டுச் சொல்கிறாள். தாய் பேசவில்லை. காமிரா அந்த மௌனத்தை வெட்டவில்லை. இசை கொண்டு நிரப்பவுமில்லை. எதிரே இருப்பவள் நகராமல் கேட்கிறாள், அவ்வளவே. பெர்லின் விழாவில் பரிசு பெற்ற இப்படத்தில், காமிரா முன்பு மந்திரிகளைப் பிடித்த கருவி என்பதே நினைவுக்கு வரவில்லை.

ஆனால் ஆள்பவன் கையில் காமிரா இல்லாமல் போய்விடவுமில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று, சின்ச்சூ பகுதியில் ஓர் ஆற்றோரம், வேலையிடத்திலிருந்து தப்பியோடியிருந்த இருபத்தேழு வயது வியட்நாமியத் தொழிலாளியை ஒரு காவலர் ஒன்பது முறை சுட்டார். காவலரின் உடையில் பொருத்திய காமிராவே எல்லாவற்றையும் பதிவுசெய்தது: குண்டடிபட்டவர் தரையில் புரள்வதையும், முதலில் வந்த ஆம்புலன்ஸ் அவரை விட்டுவிட்டு வேறொருவரை ஏற்றிப் போவதையும். புலம்பெயர்ந்த தொழிலாளரின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படமாக்கிவந்த சாய் சுங்-லுங், அந்தப் பதிவையே நடுவில் வைத்து 'ஒன்பது குண்டுகள்' என்ற படத்தைச் செய்தார். 2022இல் தங்கக் குதிரை விருது அதற்குக் கிடைத்தது. தைவானின் ஆலைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் நோயாளிகளின் படுக்கையருகிலும் இத்தகையோர் ஏழு லட்சத்துக்கும் மேல் உழைக்கிறார்கள். பார்ப்பதற்கு மிகக் கொடிய படம். குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். பெரியவர்கள் பார்க்கத்தான் வேண்டும்.

இறுதியாக, கல் சுமந்தவரிடம் திரும்புவோம். ஹு தாய்-லி அம்மையார், சென் யாவ்-சியின் படம் வந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, லியு பி-சியா ஹுவாலியெனிலேயே உயிரோடு வாழ்வதைக் கண்டறிந்து, 2004இல் 'கல்லின் கனவு' என்ற படத்தை முடித்தார். ஊர் திரும்பும் நாள் வரவேயில்லை; அவர் கல் சுமந்து திருத்திய பூமியே அவருக்கு ஊராகிவிட்டது. மணம் புரிந்தார், குடும்பம் உண்டாயிற்று. பெருநிலத்துப் படைவீரரும், தீவின் பூர்வ குடிகளும், ஹக்கா, ஹோக்லோ மக்களும் ஒரே கிராமத்தில் கலந்து வாழ்கிறார்கள். அவருடைய மகன் முறையில் வளர்ந்தவர், அப்பகுதி ஆறுகளில் கிடைக்கிற ரோஜாக்கற்களைத் தேடிச் சேர்ப்பதில் மோகம் கொண்டவர். வெளியே கறுத்துக் கிடக்கும் அந்தக் கல்லை அறுத்து மெருகேற்றினால், உள்ளே மலையும் மேகமும் நீரோட்டமும் சித்திரம்போல் தெரிகின்றன.

முதலில் 'லியு பி-சியா'வையும், அது முடிந்ததும் விளக்கைப் போடாமல் 'கல்லின் கனவை'யும், ஒரே மாலையில் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அத்தியாயம் 1987க்குப் பிந்திய தேர்தல்களைப் பற்றியது. அதைப் படிக்குமுன் இவ்விரண்டையும் பார்த்துவிடுவது நலம்.